பதினோரு மணிப் புகை

பை மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாத ஆளில்லை. நாற்பது வருடம் சட்டையும் கால்சட்டையும் தைத்தவர். ரெடிமேட் கடைகள் வரிசையாக முளைத்த பிறகு, பேன்ட் நீளத்தைக் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் நகராட்சி பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. வீட்டுக்கு இரண்டு துணிப்பை இலவசம் என்று அறிவிப்பு வந்தது. பைகளை யாரிடம் தைக்கக் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் இவர் கடை வாசலில் வந்து நின்றார்கள். அன்றோடு டெய்லர் போய்ச் சேர்ந்தார், பை மாஸ்டர் பிறந்தார். இது அவரே சொல்லிச் சிரிப்பது.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி, பெயருக்குத்தான் பருத்தி. பாதிக்கு மேல் பாலியஸ்டர் என்பது விரலால் தொட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் ஒரு பச்சை இலை, அதன் கீழே 'மண்ணைக் காப்போம்'. தைத்து முடித்ததும் ஒவ்வொரு பையையும் மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அழுக்குப் படக் கூடாதாம். முதல் தடவை இதைக் கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

"ஏன் சார், பிளாஸ்டிக் வேணாம்னு சொல்ற பைக்கே பிளாஸ்டிக் சட்டையா?" என்று சுகாதார அதிகாரியிடம் கேட்டார்.

"மேடையில வச்சுக் கொடுக்கிறது மாஸ்டர். பார்க்க நல்லா இருக்க வேணாமா?" என்றார் அதிகாரி.

நியாயம்தான் என்று இவருக்கும் பட்டது. எதுவும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஆயுள் முழுக்க மெஷினை மிதித்தவர் அவர்.

விழாவும் நன்றாகத்தான் நடந்தது. மேடைக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு பிளாஸ்டிக் பேனர். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று அதில் போட்டிருந்தது. எல்லோரும் எழுந்து நின்று வலது கையை முன்னால் நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு குட்டி பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு பாட்டிலை நாற்காலிக்கடியில் உருட்டிவிட்டார்கள். பை மாஸ்டருக்கு 'பசுமைத் தோழர்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். பேனரைக் கழற்றியவர்களிடம் கேட்டு வாங்கிவந்து கடை வாசலில் வெயிலுக்குக் கட்டினார். கெட்டியான பேனர், ஒரு வருடம் உழைத்தது. கிழிந்து தொங்க ஆரம்பித்ததும் அதையும் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார்.

கொளுத்துவது அவருக்குக் கைவந்த பழக்கம். கொல்லையில் பழைய தார் டிரம் ஒன்று இருந்தது. மாலையில் கடையைப் பெருக்கி, வெட்டுத்துணி, நூல் பிசிறு, கிழிந்த கவர், வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் அதில் கொட்டித் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார். ஐந்து நிமிடத்தில் தரை துடைத்த மாதிரி ஆகிவிடும். சோம்பேறித்தனத்தால் அவர் இதைச் செய்யவில்லை. அளவுக்கு மீறிய சுத்தக்காரர், அதுதான் சிக்கல். ஒரு துண்டு நூல் தரையில் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. குப்பை வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதில் வருகிற அம்மாவோ, துணி தனி, கவர் தனி, மக்குவது தனி என்று பிரித்துக் கொடுத்தால்தான் வாங்குவாள்.

"பிரிச்சுக்கிட்டு உக்கார்றதுக்கு எனக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்று அவளிடம் ஒருமுறை எரிந்து விழுந்தார். அதோடு அவளும் அந்த வாசலில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டாள்.

மனசுக்குள் அவர் ஒரு சமாதானமும் வைத்திருந்தார். ஊருக்கே ஆறாயிரம் பை தைத்துக் கொடுத்தவன் ஒரு டிரம் குப்பையை எரித்தால் குடியா முழுகிப்போகும்? தைக்கத் தைக்க அந்தச் சமாதானம் பலமாகிக்கொண்டே போனது. பை அதிகமானால் வெட்டுத்துணியும் அதிகமாகும், புகையும் அதிகமாகும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் அவர் அறை. மாடியில் மகளும் பேத்தியும். மனைவி இறந்து பத்து வருடமாகிறது. மருமகன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டுவார். மகள் மருந்துக்கடை கவுன்டரில் வேலை பார்த்தாள். பேத்திக்கு ஏழு வயது. அவளுக்கு ஒரு பூனை உண்டு. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. மெஷினில் நூல் சுற்றும் பாபினை உருட்டி உருட்டி நூலையெல்லாம் சிக்காக்கும் என்பதால் அதற்குப் பெயரே பாபின். தைக்கும்போது மிதிபலகைக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். "வாலு நசுங்கப்போகுது, போடி அந்தப் பக்கம்" என்று திட்டிக்கொண்டே காலால் மெதுவாக நகர்த்துவார். அது நகராது.

பேத்திக்கு முதலில் இருமல்தான் வந்தது. பிறகு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் இவர் கொல்லையில் எரித்துக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து மகள் கத்தினாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. திரும்பி வந்ததும் மகள் செய்த முதல் காரியம், கொல்லைக்குப் போய் அந்த டிரம்மைப் பார்த்தது.

"அப்பா, இனிமே இதுல எதையும் எரிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"சும்மா தலையாட்டாதீங்கப்பா. புகை அவளுக்கு விஷம்."

"சரின்னுதான் சொன்னேனே. இனிமே எரிக்க மாட்டேன், போதுமா?"

சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். நான்கு நாள் பொறுத்தும் பார்த்தார். கடை மூலையில் வெட்டுத்துணி மலையாகக் குவிந்தது. ஐந்தாம் நாள் ஒரு யோசனை வந்தது. மகள் எட்டரைக்கே வேலைக்குப் போய்விடுகிறாள். குழந்தை அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போய்விடுகிறது. காலை பதினோரு மணிக்கு எரித்தால், அவர்கள் வருவதற்குள் புகை எல்லாம் கலைந்துவிடும். குழந்தை மூச்சில் படாது. அவள் மூச்சில் படக் கூடாது என்பதற்காகத்தானே சத்தியம்? படாவிட்டால் சத்தியத்தை மீறியதாக எப்படி ஆகும்? இப்படிச் சட்டம் பேசினார், தனக்குத்தானே. அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவைத்துவிட்டுக் கொல்லைக்குப் போவது வழக்கமாயிற்று.

இரைப்பு நிற்கவில்லை. முன்பு மாலையில் வந்தது, இப்போது படுத்த பிறகு வந்தது. டாக்டரம்மா மகளைத் துருவித் துருவிக் கேட்டார்.

"வீட்டில யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"இல்ல டாக்டர்."

"அடுப்புப் புகை, குப்பைப் புகை?"

"முன்னாடி அப்பா எரிப்பாரு. சொன்னதும் நிறுத்திட்டாரு. எங்கப்பா ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்."

பை மாஸ்டர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு. சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிராணி ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு பூனை இருக்கு."

"அதைக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது விட்டுப் பாருங்க. பூனை முடி சில பேர் நெஞ்சுக்கு ஆகாது. தலையணை, போர்வையெல்லாம் எப்பவாவது காயப்போட்டாப் போதாது, தினமும் வெயில்ல போடுங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இத்தனை நேரம் காத்திருந்தது போல அந்தப் பூனையை அவர் பற்றிக்கொண்டார். ஆமாம், பூனையாகத்தான் இருக்கும். டாக்டரே சொல்கிறாரே, டாக்டரைவிடவா எனக்குத் தெரியும்? வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தார். மடியிலிருந்த குழந்தை ஒரு வார்த்தையும் பேசாமல் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

பாபினைக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். நாலு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற, பேத்தி 'அக்கா' என்று கூப்பிடும் பெண் வளர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பூனையைப் போட்டுக்கொள்ளத் தான் தைத்த பை ஒன்றையே எடுத்தார். அது உள்ளே போக மறுத்து அவர் முழங்கையைப் பிராண்டியது. பேத்தி படிக்கட்டில் நின்றுகொண்டு பார்த்தாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவாள் என்று மகளும் அவரும் பயந்திருந்தார்கள். அவள் அழவில்லை. "பையை ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க தாத்தா, அதுக்கு மூச்சு முட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பூனை போயிற்று. இரைப்பு போகவில்லை. மகள் ஜன்னல் திரையைத் துவைத்தாள், சுவருக்குப் புது பெயின்ட் அடித்தாள், குழந்தையின் துணிப் பொம்மைகளை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்தாள். தலையணையையும் போர்வையையும் தினமும் காலையில் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். ஒருநாள் மாலையில் படுக்கையை விரிக்கும்போது மூக்கைச் சுளித்தாள்.

"தெருவுல யாரோ குப்பை எரிக்கிறாங்க போலிருக்குப்பா. லேசா வாடை வருது."

"ஆமாம்மா. இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது" என்றார் பை மாஸ்டர்.

சொல்லிவிட்டார். பிற்பாடு நினைத்து நினைத்து நொந்துபோனது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். எரித்ததையாவது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

அதன் பிறகு ஒருநாள் மத்தியானம் வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மகள் மருந்துக்கடையிலிருந்து போன் செய்தாள். "அப்பா, மழை வர்ற மாதிரி இருக்கு. மாடியில குழந்தையோட தலையணையும் போர்வையும் காயுது. கொஞ்சம் எடுத்து உள்ள போட்டுடுங்க." முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறினார். மொட்டைமாடிக்கு அவர் வந்தே பல மாதமாகியிருந்தது. கொடி கொல்லைப்பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கட்டியிருந்தது. எட்டிப் பார்த்தார். நேர் கீழே டிரம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வைத்த தீ அடங்கியும் அடங்காமலும் இருந்தது. மெல்லிய புகை சுவரோடு சுவராக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

தலையணையையும் போர்வையையும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். உருகிய பாலியஸ்டர் நாற்றம் முகத்தில் அடித்தது. துணி வாடையை முகர்ந்தே ரகம் சொல்கிற மூக்கு அது, தப்பவே தப்பாது. தலையணை உறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. தினமும் பதினோரு மணிக்கு அவர் எரித்த புகை, குழந்தை முகம் புதைத்துத் தூங்குகிற தலையணைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கலைந்துபோகும் என்று நினைத்த புகை! மழை வலுத்த பிறகுதான் தான் நனைந்துகொண்டு நிற்பது அவருக்கு உறைத்தது.

அன்றே டிரம்மைக் கவிழ்த்துவிட்டார். தலையணை உறையையும் போர்வையையும் அவரே சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசினார். மழையில் நனைந்துவிட்டது, அதனால் துவைத்தேன் என்று மகளிடம் சொன்னார். மறுநாள் வெட்டுத்துணியைத் தனியாக, கவரைத் தனியாக, காய்கறித் தோலைத் தனியாகப் பிரித்துக் கட்டினார். மொத்தம் ஏழு நிமிடம் ஆனது. தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போய்க் குப்பை வண்டி அம்மாவை மறித்து நிறுத்தினார்.

அவள் மூன்று மூட்டையையும் பிரித்துப் பார்த்தாள். "சரியாத்தானே பிரிச்சிருக்கீங்க மாஸ்டர். இவ்வளவுதான் வேலை. இதுக்கா அன்னிக்கு அப்படிக் கத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு வாரத்தில் இரைப்பு குறைந்தது. ஒன்றரை மாதத்தில் டாக்டரம்மா கொடுத்திருந்த இன்ஹேலர் அலமாரிக்குப் போயிற்று. குழந்தை மாடிப்படியில் ஓடி ஏறினாள். மகள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு தெளிச்சி வந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"டாக்டரம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரியாப் போச்சுப்பா. பூனை போனாலும் அதோட முடி வீட்டை விட்டுப் போக மாசக்கணக்காகும்னாங்க. இப்பத்தான் போயிருக்கு. நல்லவேளை, அப்பவே கொண்டுபோய் விட்டோம்."

பை மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிப்பதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார். நிறுத்தியதே பூனைமேல் போட்ட பழியை உறுதி செய்து முத்திரை குத்திவிட்டது. பேத்தி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். "பசியில்ல" என்றாள், யாரும் கேட்காமலே.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்தார். சாயங்காலம் மகள் களைத்துப்போய் வருவாள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போடுவார். மூத்த மகன் மாதிரி தன்னைத் தாங்குகிற பெண் அவள். எங்கப்பா சொன்னா சொன்னதுதான் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னவள். அந்தப் பெருமையைத் தன் வாயாலேயே உடைக்க வேண்டும். அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் கடை வாசல்படியில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு தெருப்பூனைக்குட்டி வந்து அவள் காலில் உரசியது. அவள் வெடுக்கென்று இரண்டு காலையும் மேல்படிக்குத் தூக்கிக்கொண்டாள்.

"போ. என்கிட்ட வராத. அப்புறம் உன்னையும் கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்று அதனிடம் கெஞ்சினாள்.

மெஷினில் இருந்தவருக்குக் கால் ஓடவில்லை. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். முதலில் பாபினைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அதை வீட்டில் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னால் கொஞ்சமாவது பரிகாரமாக இருக்கும். வெறுங்கையோடு போய் நிற்க வேண்டாம். இப்படி நினைத்துக்கொண்டு நாலு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்.

ஜெராக்ஸ் கடை அக்கா அவரைக் கண்டதும் சங்கடப்பட்டாள்.

"அது வந்த மூணாம் நாளே ஓடிருச்சு மாஸ்டர். ஜன்னல் வழியாத் தாவிருச்சு. உங்க வீட்டைத் தேடிக்கிட்டுத்தான் வந்திருக்கும்னு நெனச்சேன். வரலையா?"

"வரலைம்மா."

"அய்யோ. குழந்தை மனசு கஷ்டப்படுமேன்னு நான் சொல்லாம விட்டுட்டேன்."

"பரவால்லம்மா. நாமெல்லாம் அப்படித்தான் விட்டுடுறோம்" என்றார்.

திரும்பி வரும்போது ஒவ்வொரு சந்திலும் நின்று "பாபின், பாபின்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் போன பூனை எந்தச் சந்தில் இருக்கும்? போகிற வருகிறவர்கள், மாஸ்டர் மெஷினுக்கு ஏதோ பாகம் தேடுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கீழே, அவர் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இனி ஆறப்போட்டால் தன்னால் எப்போதுமே சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு மணி, மொட்டைமாடிக் கொடி, தலையணை, மழை நாள், பூனை ஓடிப்போனது. அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் ஒரே துண்டை விரித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெருவுல யாரோ எரிக்கிறாங்கன்னு சொன்னப்போ, ஆமான்னீங்களேப்பா" என்றாள் கடைசியில்.

துண்டைக் கீழே வைத்தாள்.

"மேடையில கையை நீட்டி உறுதிமொழி எடுத்தீங்களே. எனக்குக் கொடுத்ததும் அந்த மாதிரிதானா?"

அவளுக்கு உரத்துப் பேசவே வரவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். மடித்த துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க. பூனை கிடைக்காதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க."

பை மாஸ்டர் மாடிப்படி ஏறினார். பேத்தி தரையில் குப்புறப் படுத்துப் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள், கையிலிருப்பதை எறிவாள், இனி என்னோடு பேசாதீங்க என்பாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனார். பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தாத்தா குப்பை எரித்தேன், அந்தப் புகைதான் உன் தலையணையில் ஏறியது, அதனால்தான் உனக்கு மூச்சு முட்டியது, பூனை ஒரு தப்பும் பண்ணவில்லை, தாத்தா தெரிந்தும் சொல்லவில்லை, பாபின் அந்த அக்கா வீட்டிலிருந்து ஓடிப்போய்விட்டது, இனிமேல் கிடைக்காது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவரையே பார்த்தாள்.

"அப்போ பாபின் போனது என்னால இல்லையா தாத்தா?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு சொல்ற?"

"என் நெஞ்சு சரியில்லாததாலதானே அதைக் கொண்டுபோய் விட்டீங்க? எனக்கு இருமல் வராம இருந்திருந்தா அது இங்கயே இருந்திருக்கும்ல? நான் இருமல் வந்தாக்கூடத் தலையணைய வாயில வச்சு அமுக்கிப் பார்த்தேன். அப்பவும் வந்துச்சு."

அந்தத் தலையணையை! ஐந்து மாதமாக அந்தப் பிஞ்சு இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. பூனையை இழந்த வருத்தத்தைத்தான் அவர் இதுவரை எண்ணியிருந்தார். இந்தப் பாரம் அவர் எண்ணத்திலேயே இல்லை. கையை நீட்டினார், அவளைத் தொடக் கூச்சமாக இருந்தது, மடக்கிக்கொண்டார்.

"இல்ல கண்ணு. உன் நெஞ்சு நல்ல நெஞ்சு. எல்லாம் என்னாலதான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் வர்ணப் பென்சிலை எடுத்தாள், மறுபடியும் கீழே வைத்தாள்.

"என்னால இல்லதானே?"

"இல்லம்மா. என்னாலதான்."

அன்று சாயங்காலத்துக்குள் அவள் அதை இன்னும் நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் அவர் சொன்னார்.